சளியில் செத்த குழந்தைக்கு உண்மை அறியும் குழு போனதில்லை

இரண்டு வருடத்துக்கு முன்னால், வட மாவட்டம் ஒன்றில் சுடுகாட்டுப் பாதைப் பிரச்சினைக்காக ஒரு காலனிக்குப் போயிருந்தோம். காலங்காலமாகப் பிணம் தூக்கிப் போன வழியை ஊர்க்காரர் ஒருவர் முள்வேலி போட்டு அடைத்திருந்தார். நாங்கள் ஆறு பேர். இரண்டு நாள் தங்கி, சர்வே எண் பார்த்து, வீடு வீடாக வாக்குமூலம் வாங்கி, படம் எடுத்து, 11 பக்கத்தில் அறிக்கை எழுதினோம். தாசில்தார் வந்தார், வேலி போனது. அந்த வேலையில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு.

வாக்குமூலம் கொடுத்தவர்களில் ஒரு பாட்டி. இடுப்பில் பேத்தி. 14 மாதம் என்றார், பார்க்க ஏழெட்டு மாதம் போல இருந்தது. பாட்டி பேசப் பேசக் குழந்தை இருமிக்கொண்டே இருந்தது. என்னம்மா ஆச்சு என்று பேச்சுக்குக் கேட்டேன். "சளிதான் தம்பி. தைலம் தேச்சிருக்கேன், போயிடும்" என்றார். நானும் சரி என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

மூன்று வாரம் கழித்து உள்ளூர்த் தோழர் போன் செய்தார். வேலி பிடுங்கிய அந்தப் பாதையில் முதலில் போனது அந்தக் குழந்தைதான்.

போய் விசாரித்தேன். அம்மாவும் அப்பாவும் தை பிறந்ததும் செங்கல் சூளைக்குப் போகிறவர்கள், ஆடியில்தான் திரும்புவார்கள். குழந்தையையும் கூட்டிப் போயிருக்கிறார்கள். சூளையில் விடியற்காலை மூன்று மணிக்குக் கல் அறுக்க ஆரம்பிப்பார்கள். அந்தத் தூசியிலும் புகையிலும் சாக்கு விரிப்பில் கிடந்த குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் போக, பங்குனியில் பாட்டியிடம் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். அங்கன்வாடி ஊருக்குள் இருக்கிறது, காலனியிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர். பதிவேட்டில் குழந்தையின் பெயர் இருந்தது. எடைக் கட்டத்தில் மார்கழிக்குப் பிறகு ஒன்றும் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பாட்டி ஒரு தடவை தூக்கிப் போயிருக்கிறார். காய்ச்சல் இல்லை, சாதா சளி என்று சொல்லி இருமல் மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். "சட்டையைத் தூக்கிக்கூடப் பாக்கல தம்பி. தள்ளி நின்னே பாட்டில குடுத்தாங்க." மூன்றாம் நாள் இரவு மூச்சுத் திணறி, ஆட்டோ பிடித்து, பெரிய ஆஸ்பத்திரி போய், விடிவதற்குள் முடிந்துவிட்டது. கொடுத்த காகிதத்தில் காரணம் என்று ஒரே ஒரு சொல்: நிமோனியா.

வீட்டுக்கு வந்து, அன்றைக்கு எடுத்த படத்தைத் திறந்து பார்த்தேன். சட்டை மேலேறி, விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிகிறது. கடைசி விலாவுக்குக் கீழே தோல் உள்வாங்கி இருக்கிறது. மூச்சை இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே போவது நிமோனியாவுக்கு அடையாளம் என்று அப்போது எனக்குத் தெரியாது. எங்கள் 11 பக்கத்தில் சர்வே எண் இருந்தது, வேலியின் நீளம் இருந்தது. அந்தக் குழந்தை இல்லை.

அதிலிருந்துதான் இந்தக் கட்டுரை. நம் இயக்கங்களின் மேல் எனக்கு இருக்கும் புகாரும் இதுதான். வெட்டினால் போகிறோம், எரித்தால் போகிறோம், கோயிலில் விடாவிட்டால் போகிறோம். போகத்தான் வேண்டும். 1968 டிசம்பர் 25 இரவு வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. ஆனால் அந்த மக்கள் கேட்டது என்ன? கூலியாகக் கூடுதல் அரைப்படி நெல். சோற்றுக்கான சண்டை அது. தீ நமக்கு நினைவிருக்கிறது, அரைப்படி அவ்வளவாக நினைவில் இல்லை. சோறு குறைந்த உடம்பில் சளி கட்டிச் சாகிற குழந்தையை விதி என்று விட்டுவிடுகிறோம். குற்றவாளி என்று காட்ட ஒரு ஆள் இல்லாததால் அது நமக்கு வழக்காகத் தெரிவதில்லை.

கொஞ்சம் மருத்துவம் பேச வேண்டியிருக்கிறது. நான் டாக்டர் இல்லை. அந்தச் சாவுக்குப் பிறகு படித்ததும் டாக்டர் தோழர்களிடம் கேட்டதும்தான்.

உலகத்தில் தொற்றுநோய்களில் சின்னக் குழந்தைகளை அதிகம் கொல்வது நிமோனியா. 2019ஆம் ஆண்டில் மட்டும் ஐந்து வயதுக்குக் கீழே ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அதில் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. ஐந்து வயதுக்குள் நடக்கும் மொத்தச் சாவுகளில் கிட்டத்தட்ட பாதிக்குப் பின்னால் ஊட்டச்சத்துக் குறைவு இருக்கிறது என்பதும் அதே நிறுவனம் சொல்வதுதான். இந்த இரண்டும் தனித்தனி விஷயம் இல்லை. பசித்த உடம்பில் நோயை எதிர்க்கும் அணுக்களைப் பழக்குகிற தைமஸ் சுரப்பி சுருங்கிப் போகிறது. வைட்டமின் ஏ குறைந்தால் மூச்சுக்குழாயின் உள்தோல் கெடுகிறது. விலாத் தசைகள் மெலிந்திருப்பதால் சளியை இருமி வெளியே தள்ளத் தெம்பு இருக்காது. நோய் வந்துவிட்டால் குழந்தை சாப்பிடாது, காய்ச்சலும் வேகமான மூச்சும் உடம்பில் மிச்சமிருப்பதையும் எரித்துவிடும். ஒரு சளி போய்த் தேறுவதற்குள் அடுத்தது வரும். இந்தச் சுழலை ஸ்க்ரிம்ஷா, டெய்லர், கார்டன் என்ற மூன்று பேர் உலக சுகாதார நிறுவனத்துக்காக ஒரு நூலாகவே எழுதினார்கள். அந்த நூல் வந்ததும் 1968இல், வெண்மணி எரிந்த அதே வருடம். அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தெரிந்த விஷயத்துக்குத்தான் இன்னும் குழந்தைகளைக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

என்னை உலுக்கியது இன்னொன்று. மிகவும் மெலிந்த குழந்தைக்கு நிமோனியா வந்தால் காய்ச்சலே அடிக்காமல் போகலாம். காய்ச்சல் என்பது உடம்பு போராடுவதன் அடையாளம், போராட ஏதாவது இருந்தால்தானே அடிக்கும்? அப்படியானால் "காய்ச்சல் இல்லை, சாதா சளி" என்று ஒரு சவலைப் பிள்ளையைத் திருப்பி அனுப்புவது எவ்வளவு ஆபத்து. சவலை என்ற சொல்லை நம் பாட்டிகள் வைத்திருக்கிறார்கள் பாருங்கள். தாய்ப்பால் போதாமல் மெலிந்த பிள்ளை. நோய்க்கும் பாலுக்கும் உள்ள தொடர்பு அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. தோஷம், சீர் தட்டிவிட்டது என்று பேச ஆரம்பிக்கும்போதுதான் அது மறைந்து போகிறது.

அந்தப் பாட்டிக்குத் தள்ளி நின்று பாட்டில் கொடுத்தது தீண்டாமையா, கூட்ட நெரிசலா? எனக்குத் தெரியாது. தெரிந்ததாகச் சொன்னால் பொய். ஆனால் சங்கமித்ரா ஆச்சார்யா குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகளிடமே கேட்டு 2010இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. மருந்து கொடுக்கும்போது கை படாமல் கொடுப்பது, தொட்டுப் பரிசோதிக்காதது, மற்றவர்களைவிடக் காத்திருக்க வைப்பது எல்லாம் அதில் பதிவாகியிருக்கின்றன. நிமோனியாவைக் கண்டுபிடிக்க ஸ்கேன் வேண்டாம், எக்ஸ்ரேகூட வேண்டாம். சட்டையைத் தூக்கி ஒரு நிமிடம் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பக்கத்தில் வர மறுப்பதையே வாழ்க்கை முறையாக வைத்திருக்கும் சமூகத்தில் அந்த ஒரு நிமிடம் யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது?

இனி எண்கள். ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு 2019 முதல் 2021 வரை நடந்தது. இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 35.5 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். பட்டியல் சாதியில் அது 39, பழங்குடிகளில் 41. தமிழ்நாட்டில் 25. உடனே நம் ஊர்ப் பெருமை தலைதூக்கும். தூக்கட்டும், காமராஜர் காலத்து மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவும், பிறகு கலைஞர் சேர்த்த முட்டையும் காரணம் இல்லாமல் இல்லை. நானே அந்த முட்டை சாப்பிட்டு வளர்ந்தவன்தான். ஆனால் அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக் குழந்தைகளில் ரத்தசோகை உள்ளவர்கள் 50.7 சதவீதத்திலிருந்து 57.4 ஆகக் கூடியிருக்கிறார்கள். சராசரி என்பது ஊரையும் காலனியையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கிய குழம்பு. நம் கிண்ணத்தில் விழுந்தது என்ன என்று அது சொல்லாது.

சில வருடங்களுக்கு முன் பொருளாதார அறிஞர் அரவிந்த் பனகாரியா ஒரு வாதம் வைத்தார். இந்தியக் குழந்தைகள் ஆப்பிரிக்கக் குழந்தைகளைவிடக் குள்ளமாக இருப்பதற்கு மரபணுவும் காரணமாக இருக்கலாம், உலக அளவுகோல் நமக்குப் பொருந்தாது என்றார். அதற்கு அஸ்வினி தேஷ்பாண்டேவும் ராஜேஷ் ராமச்சந்திரனும் சாதிவாரியாகப் பிரித்துப் பார்த்துப் பதில் சொன்னார்கள். ஆதிக்க சாதி இந்துக் குழந்தைகளை மட்டும் எடுத்தால் அவர்கள் சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்கச் சராசரியைவிட நன்றாகவே இருக்கிறார்கள். பின்தங்கி இருப்பது தலித், பழங்குடிக் குழந்தைகள். தீண்டாமை அதிகம் கடைப்பிடிக்கப்படும் பகுதிகளில் நம் குழந்தைகளின் உயரம் இன்னும் குறைவு. இந்த ஆய்வை மாணவர்கள் தேடிப் படியுங்கள். "சாதி எல்லாம் இப்ப யாரு பாக்குறா" என்று வகுப்பில் ஒருவன் கேட்டால், உயரம் அளக்கும் நாடா பார்க்கிறது என்று சொல்லலாம்.

தட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதைக்கூட நாம் முடிவு செய்வதில்லை. 2015இல் மத்தியப் பிரதேச முதல்வர் அங்கன்வாடிகளில் முட்டை கிடையாது என்றார். கர்நாடகத்தில் 2021இல் பள்ளியில் முட்டை கொடுக்க ஆரம்பித்தபோது மடாதிபதிகள் கொதித்தார்கள். நம் பக்கம் முட்டை தப்பித்தது, சமைக்கிற கைதான் பிரச்சினை. 2018இல் அவினாசி பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் சத்துணவு சமைக்க வந்த அருந்ததியர் பெண்ணை, அவர் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிடாது என்று விரட்டப் பார்த்தார்கள். மாட்டுக்கறியைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். நம் வீடுகளில் இரும்புச்சத்துக்கும் புரதத்துக்கும் கைக்கெட்டிய மலிவான வழி அது. படித்து வேலைக்குப் போன நம்மில் சிலரே அதை மறைத்துச் சாப்பிடப் பழகிக்கொண்டதை என்னவென்று சொல்வது?

தாய்க்கு வருவோம். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்று சுவரில் எழுதியிருக்கிறது. நிமோனியாவுக்கு எதிரான முதல் தடுப்பு அதுதான், மறுப்பே இல்லை. தமிழ்நாட்டில் அரசு ஊழியரான பெண்ணுக்கு 2021 முதல் பன்னிரண்டு மாதம் சம்பளத்துடன் மகப்பேறு விடுப்பு. நல்லது. சூளையில் கல் அறுக்கும் பெண்ணுக்கு ஒரு நாள்கூடக் கிடையாது, ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவளுக்கு விடுப்பு ஏது? முத்துலட்சுமி ரெட்டி திட்டப் பணம் வரும், தவணை தவணையாக. அதை வைத்து ஆறு மாதம் அடுப்பு எரியாது. பிறகு, அம்மாவுக்கு விழிப்புணர்வு இல்லை என்று எழுதுவார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. பாட்டிக்கு விழிப்புணர்வு இருந்தது, அதனால்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்.

அடுப்புப் புகை என்றதும் இன்னொன்று. விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகளிலும் இன்னும் மூன்று நாடுகளிலும் சேர்த்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. மொத்தம் சுமார் 3,200 கர்ப்பிணிப் பெண்கள். பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பும் பதினெட்டு மாதத்துக்கு இலவச சிலிண்டரும் கொடுத்தார்கள். வீட்டுப் புகை நன்றாகவே குறைந்தது. ஆனால் குழந்தைகளின் கடும் நிமோனியா எதிர்பார்த்தபடி குறையவில்லை. 2024இல் வந்த முடிவு இது. புகையால் கெடுதல் இல்லை என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. எனக்குத் தோன்றுவது வேறு: அடுப்பை மட்டும் மாற்றி, தட்டையும் வீட்டையும் கூலியையும் அப்படியே விட்டால் இவ்வளவுதான் கிடைக்கும். ஆய்வாளர்கள் அப்படிச் சொல்லவில்லை, இது என் வாசிப்பு. ஒரு சிலிண்டரைக் கொடுத்துவிட்டுக் கணக்கை முடித்துவிட்டதாகச் சொல்லும் அரசியலுக்கு இந்த முடிவு நல்ல பதில் என்று மட்டும் நினைக்கிறேன்.

அண்ணல் அம்பேத்கருக்கும் ரமாபாய்க்கும் பிறந்த ஐந்து குழந்தைகளில் நான்கு பேர் பிஞ்சிலேயே போய்விட்டார்கள். யஷ்வந்த் ஒருவர்தான் மிஞ்சினார். ராஜரத்னாவை இழந்தது 1926இல், அடுத்த வருடம்தான் மகத் குளத்துப் போராட்டம். ஏப்ரல் 14க்கு மாலை போடும்போது இதை யாரும் பேசுவதில்லை.

சரி, என்ன செய்வது? முதலில், மூச்சு எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள். குழந்தை அழாமல் இருக்கும்போது, சட்டையைத் தூக்கி, முழுதாக ஒரு நிமிடம். இரண்டு மாதத்துக்குக் கீழே என்றால் 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. அந்த எண்ணோ அதற்கு மேலோ வந்தால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். நெஞ்சு உள்ளிழுத்தால், பால் குடிக்க முடியாவிட்டால், குடித்ததெல்லாம் வாந்தி வந்தால், வலிப்பு வந்தால், துவண்டு கிடந்தால் 108ஐக் கூப்பிடுங்கள், காத்திருக்காதீர்கள். மருந்துக் கடை இருமல் மருந்து நிமோனியாவுக்கு மருந்தே இல்லை. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொன்ற இருமல் மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது என்பதும் நினைவிருக்கட்டும். மேல்கை அளக்கும் நாடாவை கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டுப் பாருங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை, சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் அந்தக் குழந்தை ஆபத்தில் இருக்கிறது. தடுப்பூசி அட்டையையும் வாங்கிப் பாருங்கள். நியூமோகாக்கல் தடுப்பூசி 2021 முதல் தமிழ்நாட்டில் இலவசம்: ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம். சூளைக்குப் போகிற குடும்பங்களில்தான் இது விட்டுப்போகிறது.

இதெல்லாம் டாக்டர் வேலை என்று ஒதுங்க வேண்டாம். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங்கும் ராணி பங்கும் கிராமத்து ஆட்களுக்கும் மருத்துவச்சிகளுக்கும் மூச்சு எண்ணவும் நிமோனியாவுக்கு மருந்து கொடுக்கவும் பயிற்சி தந்தார்கள். நிமோனியாச் சாவு குறைந்தது என்று 1990லேயே எழுதிவிட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் செய்ததை டிகிரி படிக்கும் நம் பிள்ளைகள் செய்ய முடியாதா? மருந்து கொடுக்கச் சொல்லவில்லை. எண்ணுங்கள், எழுதுங்கள், கூட்டிப் போங்கள்.

இரண்டாவது, நம் கையில் ஒரு நீதிமன்ற உத்தரவு இருக்கிறது, பாதிப் பேருக்கு அது தெரியாது. உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பர் 13 அன்று சொன்னது: புதிய அங்கன்வாடிகள் திறக்கும்போது பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகளுக்கு முன்னுரிமை தர வேண்டும். ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் இருந்தும் அங்கன்வாடி இல்லாத குடியிருப்பு மக்கள் கேட்டால், கேட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் திறக்க வேண்டும். அங்கன்வாடி எங்கே இருக்கிறது, யார் தெருவைத் தாண்டி நம் பிள்ளை போக வேண்டும் என்பதுதான் முட்டை கிடைக்குமா என்பதை முடிவு செய்கிறது. தோரட்டும் ஜோயல் லீயும் தமிழ்நாடு உட்பட ஐந்து மாநில கிராமங்களில் ரேஷன் கடையும் மதிய உணவும் பார்த்துவிட்டு 2005இல் எழுதிய கட்டுரையிலும் இடம் எங்கே என்ற கேள்வி முக்கியமாக வருகிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் உங்கள் ஒன்றியத்து அங்கன்வாடிகள் எந்தத் தெருவில் இருக்கின்றன, எந்தக் குடியிருப்புக் குழந்தைகளுக்கு எத்தனை மாதம் எடை பார்க்கவில்லை என்று கேளுங்கள். வரும் பதிலை வரைபடத்தில் குறியுங்கள்.

அந்தக் காலனியில் நாங்கள் இதைச் செய்தோம். போன மாசியில் குழந்தைகளை எண்ணி மனு கொடுத்தோம். 31 பேர். 40 இல்லை என்று குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலர் திருப்பி அனுப்பிவிட்டார். பாட்டிதான் சொன்னார், "மாசில எண்ணுனா எப்படிப்பா, பாதிப் புள்ளைங்க சூளையில இல்ல இருக்கும்." ஆடியில் எல்லாரும் திரும்பி வந்த பிறகு மறுபடி எண்ணினோம். 43. பெயர், பிறந்த தேதி, மேல்கை அளவு எல்லாம் சேர்த்து, உச்ச நீதிமன்ற உத்தரவின் நகலையும் இணைத்து மனுவை நேரில் கொடுத்து ரசீது வாங்கியிருக்கிறோம். மூன்று மாதக் கெடு இந்த மாதக் கடைசியில் முடிகிறது. தையில் அவர்கள் மறுபடி சூளைக்குக் கிளம்பிவிடுவார்கள்.